பத்து ஜிகாபிட் வந்தாயிற்று, தரவு ஏன் இன்னும் பேருந்தில் போகிறது?

பல்கலைக்கழகங்கள் தங்கள் கணினிக் கட்டமைப்பை மேம்படுத்தியதாக அறிவிக்கும்போது பெரும்பாலும் ஓர் எண்ணைத்தான் முன்னால் வைக்கின்றன. விநாடிக்கு ஒரு ஜிகாபிட் இருந்தது, இப்போது பத்து ஜிகாபிட், அடுத்த திட்டத்தில் நூறு. அந்த எண்ணில் பொய் இல்லை. வளாகத்தின் வாசல் வரை வந்து சேரும் கண்ணாடி இழை அவ்வளவு தரவைச் சுமக்க வல்லதுதான். என் கேள்வி வேறு. ஆய்வுக்கூடத்தில் கருவியின் முன் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு அந்தப் பத்தில் எவ்வளவு கிடைக்கிறது?

என்னிடம் படிவம் ஐந்தில் படித்த பெண் ஒருத்தி இப்போது நாட்டின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வில் முதுகலை செய்கிறாள். ஆய்வுத் தரவு ஒரு டெராபைட் சேர்ந்துவிட்டால் அதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, கைப்பையில் வைத்து, விரைவுப் பேருந்தில் கோலாலம்பூருக்குக் கொண்டு வருகிறாள். "இணையத்துல அனுப்புனா ரெண்டு நாள் ஆகுது டீச்சர், பஸ்ல அஞ்சு மணி நேரம்தான்" என்றாள். அவளுடைய பல்கலைக்கழகத்தின் இணைப்பு பத்து ஜிகாபிட்.

அறிவியல் ஆசிரியைக்குக் கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டெராபைட் என்பது 8 டிரில்லியன் பிட். விநாடிக்குப் பத்து ஜிகாபிட் வேகத்தில் அது 800 விநாடியில், அதாவது 13 நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இரண்டு நாள் ஆகிறது என்றால் அவளுக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 46 மெகாபிட். பத்து ஜிகாபிட்டில் அரை விழுக்காடுகூட இல்லை. அந்தப் பேருந்தோ, ஐந்து மணி நேரக் கணக்கில், விநாடிக்கு 440 மெகாபிட்டுக்கு மேல் தருகிறது!

இதை அவளுடைய பல்கலைக்கழகத்தின் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இதே சிக்கலை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்து, ஆராய்ந்து, எழுதி வைத்திருக்கின்றன. அதைப் படித்தால் ஒன்று விளங்குகிறது. ஆய்வுக்கான கட்டமைப்பு மேம்பாட்டில் இழையின் அகலத்தை வாங்குவதுதான் மிக எளிதான வேலை. மற்ற வேலைகளுக்கு யாரும் பணமும் ஆளும் ஒதுக்குவதில்லை என்பதே என் குறை.

ஒரு வளாகத்தின் கணினிக் கட்டமைப்பு யாருக்காக அமைக்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மாணவர்கள், ஊழியர்கள். ஒருவர் புலனத்தில் படம் அனுப்புகிறார், இன்னொருவர் காணொளி பார்க்கிறார், நிதிப் பிரிவில் ஒருவர் சம்பளப் பட்டியலைத் திறக்கிறார். எல்லாமே சிறு சிறு போக்குவரத்து. ஆய்வுத் தரவு அப்படி இல்லை. ஒரே ஒரு கோப்பு, ஒரே திசையில், மணிக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர்கள் முதலாவதை எலி என்றும் இரண்டாவதை யானை என்றுமே அழைக்கிறார்கள். ஆயிரம் எலிகள் சிரமமில்லாமல் ஓடும் பாதையில் ஒரு யானை சிக்கிக்கொள்ளலாம்.

ஏன் சிக்கிக்கொள்கிறது என்பதில்தான் சுவையான அறிவியல் இருக்கிறது. இணையத்தில் எந்தக் கோப்பும் முழுதாகப் போவதில்லை. பெரும்பாலும் 1,500 பைட் அளவுள்ள பொட்டலங்களாக நறுக்கப்பட்டுத்தான் போகிறது. ஒரு டெராபைட் என்றால் 650 மில்லியனுக்கும் அதிகமான பொட்டலங்கள். எதுவும் தொலையாமல் அவற்றைக் கொண்டு சேர்க்கும் விதிமுறைக்கு டிசிபி என்று பெயர். 1986-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அருகிலிருக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணையம் திடீரென்று படுத்துவிட்டது. விநாடிக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் வெறும் 40 பிட். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் முண்டியடித்ததே காரணம். அந்த ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் அதற்குத் தீர்வை வெளியிட்டார். ஒரு பொட்டலம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எண்ணிக்கொண்டு, அனுப்பும் கணினி தன் வேகத்தைச் சட்டென்று குறைக்க வேண்டும், பிறகு மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். இணையம் இன்றுவரை நிலைத்து நிற்பதற்கு இந்தப் பணிவு ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பணிவே யானைக்கு வினையாகிறது. நெரிசலால் இல்லாமல் பழுதான ஒரு கருவியால் பொட்டலம் தொலைந்தாலும் டிசிபிக்கு வேறுபாடு தெரியாது. அது வேகத்தைக் குறைத்துவிடும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வுக் கட்டமைப்பான ஈஎஸ்நெட்டில் 2012-இல் ஒரு ரௌட்டரின் உள்அட்டை பழுதாகி, 22,000 பொட்டலங்களுக்கு ஒன்றைத் தொலைத்துக்கொண்டிருந்தது. அதாவது 0.0046 விழுக்காடு. அந்த ரௌட்டரின் சொந்தக் கண்காணிப்பு அதைப் பிழை என்றே பதிவு செய்யவில்லை. அதன் கணக்கில் இழப்பு விநாடிக்கு 450 கிலோபிட்தான்; பத்து ஜிகாபிட்டில் அது தூசு.

ஆனால் பாதையின் இரு முனையிலும் இருந்தவர்களுக்கு அது தூசாக இல்லை. 1997-இல் மேத்திஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் எளிய சமன்பாடு உண்டு. பொட்டலத்தின் அளவை, தரவு போய் வரும் நேரத்தாலும் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் டிசிபியின் வேகம் தோராயமாகக் கிடைக்கும். படிவம் நான்கு மாணவரால் போடக்கூடிய கணக்கு. ஒரே வளாகத்துக்குள், போய் வர ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி எடுக்கும் தூரத்தில், இந்த 22,000-க்கு ஒன்று என்ற இழப்பு இருந்தால் விநாடிக்கு 1.7 ஜிகாபிட் கிடைக்கும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இப்போது கோலாலம்பூரிலிருந்து ஜெனீவாவுக்குப் போவோம். சுமார் 10,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் போகும் என்பதால், நேர்கோட்டில் இழை போட்டாலும் போய் வர 100 மில்லிவிநாடி ஆகும். அதே இழப்பு, அதே கருவி. கிடைக்கும் வேகம் விநாடிக்கு 17 மெகாபிட்! ஒரு டெராபைட்டை அனுப்ப ஐந்து நாளைக்கு மேல் ஆகும்.

ஜெனீவாவை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். அங்குள்ள செர்ன் ஆய்வு மையத்தின் சிஎம்எஸ் பரிசோதனையில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துகள் இயற்பியல் மையமும் பங்கு பெறுகிறது. நமக்குத் தொடர்பில்லாத ஊர் இல்லை.

கூகள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் போன்ற புதிய முறைகள் சிறு இழப்புக்கு இவ்வளவு மிரள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பழுதான அட்டை பழுதான அட்டைதான். யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடித்துக் கழற்ற வேண்டும்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, இரு தரப்பும் உண்மையைப் பேசுவதுதான். ஆய்வாளர் "மெதுவாக இருக்கிறது" என்கிறார். கணினிப் பிரிவு ஊழியர் வளாகத்துக்குள் சோதித்துப் பார்த்துவிட்டு "எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை" என்கிறார். இரண்டும் சரி. கொஞ்ச நாள் கடிதப் போக்குவரத்து நடக்கும். பிறகு ஆய்வாளர் அலுத்துப்போய் ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்வார். புகார் நின்றுவிடும். புகார் இல்லை என்பதால் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது என்று அறிக்கையும் எழுதப்படும்.

பழுதான கருவி மட்டுமில்லை, நன்றாக வேலை செய்யும் கருவியும் யானையை நிறுத்தும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையம் தன் கணினிகள் சிலவற்றை அங்கே வைத்திருந்தது. இரு பக்கமும் ஒரு ஜிகாபிட் இணைப்பு. கிடைத்ததோ 50 மெகாபிட். இழை பழுதில்லை, பொட்டலம் தொலையவும் இல்லை. அளந்து பார்த்தபோது ஒரு தடயம் கிடைத்தது. அனுப்பும் கணினி எப்போதும் 64 கிலோபைட்டுக்கு மேல் ஒரே மூச்சில் அனுப்பவில்லை.

இந்த 64 கிலோபைட் ஒரு பழைய எண். 1981-இல் டிசிபி வரையறுக்கப்பட்டபோது, பதில் வராமல் எவ்வளவு அனுப்பலாம் என்பதைக் குறிக்க 16 பிட் இடம் ஒதுக்கினார்கள். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அன்றைய வேகத்துக்கு அது தாராளம். 1992-இல் இந்த வரம்பைப் பெருக்கும் ஏற்பாடு வந்தது. இன்றைய கணினிகள் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் இடையில் நின்ற தீச்சுவரில், அதாவது ஃபயர்வாலில், பொட்டலங்களின் வரிசை எண்ணைச் சரிபார்க்கும் ஒரு வசதி இயங்கிக்கொண்டிருந்தது. அது அந்த ஏற்பாட்டைக் கெடுத்து, 1981-ஆம் ஆண்டு வரம்புக்கே இரு கணினிகளையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. போய் வர 10 மில்லிவிநாடி, ஒவ்வொரு முறையும் 65,535 பைட். பெருக்கி வகுத்தால் விநாடிக்கு 52 மெகாபிட் வருகிறது. அந்த ஒரு வசதியை நிறுத்தியதும் உள்ளே வரும் வேகம் ஏறக்குறைய ஐந்து மடங்கும் வெளியே போகும் வேகம் பன்னிரண்டு மடங்குக்கு அருகிலும் உயர்ந்தது. புதிய இழை வாங்கவில்லை. நூறு ஜிகாபிட் இழையே வாங்கிப் போட்டிருந்தாலும் அந்த 52 மெகாபிட் அப்படியேதான் இருந்திருக்கும்.

என் மாணவியின் 46 மெகாபிட்டுக்கும் இதே காரணம் என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு அளக்க வேண்டும் அல்லவா?

ஈஎஸ்நெட் பொறியாளர்கள் இந்த அனுபவங்களைத் திரட்டி ஒரு வடிவமைப்பை உருவாக்கினார்கள். எலி டார்ட், பிரயன் டியர்னி உள்ளிட்ட ஐவர் 2013-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 'சயன்ஸ் டிஎம்இஸட்' என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கூட்டரசு நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித் தடம் இருக்கிறது. கார்களும் லாரிகளும் ஓடும் சாலையில் மோட்டார் சைக்கிளின் தேவை வேறு, ஆபத்தும் வேறு என்பதால் பிரித்துவிட்டார்கள். இங்கே பிரிக்கப்படுவது யானை. வளாகத்தின் எல்லையிலேயே, பொதுக் கட்டமைப்புக்குள் நுழைவதற்கு முன்பே, ஆய்வுத் தரவுக்கு ஒரு தனித் தடம். அந்தத் தடத்தின் முனையில் தரவு அனுப்புவதையும் பெறுவதையும் தவிர வேறு வேலை செய்யாத ஒரு கணினி. அதில் மின்னஞ்சலும் கிடையாது, இணையத்தில் உலாவவும் முடியாது. அதன் பக்கத்தில் பாதையை இரவு பகலாக அளந்துகொண்டே இருக்கும் பர்ஃப்சோனார் என்ற மென்பொருள். இது இலவசம். ஈஎஸ்நெட்டில் 22,000-க்கு ஒன்று என்ற அந்த இழப்பைக் கண்டுபிடித்ததும் இதன் ஒரு பகுதிதான்.

"தீச்சுவருக்கு வெளியே கணினியை வைப்பதா?" என்று உடனே ஒரு குரல் எழும். நியாயமான குரல். மோசடி அழைப்புகளும் தரவுக் கசிவும் நாளும் செய்தியாகும் காலம் இது. ஆனால் தீச்சுவர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆயிரம் எலிகளைப் பங்கிட்டுச் சோதிப்பதற்காக அதனுள் பல சிறு செயலிகள் இருக்கின்றன. யானை வந்தால் அது முழுவதும் ஒரே செயலியின் தலையில் விழுகிறது. டோல் சாவடியில் பத்து முகப்பு இருந்தும் நீண்ட டிரெய்லர் ஒன்றில்தானே நுழைய முடியும்? தனித் தடத்தில் காவலே இல்லை என்று பொருளில்லை. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த வாயில் வழியாக என்ற பட்டியலை ரௌட்டரிலேயே எழுதி, பட்டியலில் இல்லாத எதையும் தடுத்துவிடுகிறார்கள். ஒரே வேலை செய்யும் கணினியைக் காப்பது, மாணவர் விடுதி முழுவதையும் காப்பதைவிட எளிது. நோயாளிகளின் தரவு என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அதற்கென்று தனி வடிவமைப்பும் பின்னாளில் முன்மொழியப்பட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் ஒரே கதவு வழியாக விடும் அலுவலகம், ஆய்வுத் தரவைப் பேருந்து இருக்கையில் வைத்துவிட்டுப் போகும் ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கைப்பை தொலைந்தால் எந்தத் தீச்சுவர் காப்பாற்றும்?

தனித் தடம் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. போல்டர் நகரின் கொலராடோப் பல்கலைக்கழகம் ஆய்வுக்கென்றே தனிக் கட்டமைப்பு வைத்திருந்தது. அங்குள்ள இயற்பியலாளர்களும் சிஎம்எஸ் தரவைக் கையாள்பவர்கள்தான். சுமை கூடியபோது பொட்டலங்கள் தொலைந்தன. பர்ஃப்சோனார் அதைக் காட்டியது. தேடியபோது ஒரு சுவிட்ச் சுமை கூடும்போது தான் இயங்கும் முறையையே மாற்றிக்கொள்கிறது என்றும், மாறிய முறையில் இழப்பில்லாமல் கடத்த அதனால் முடியவில்லை என்றும் தெரிந்தது. தயாரித்த நிறுவனம் அதைச் சரிசெய்து தந்தது. விற்பனைக் கையேட்டைப் படித்து இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா? தொடர் சுற்றில் பத்து மின்விளக்குகளை இணைத்தால் எந்த ஒன்று கெட்டாலும் எல்லாம் அணையும் என்று வகுப்பில் காட்டுகிறோம். தரவின் பாதையும் தொடர் சுற்றுதான். ஆய்வுக்கூடத்துச் சுவரில் இருக்கும் பழைய கம்பியிலிருந்து அயல்நாட்டுக் கணினியின் வன்தட்டு வரை முழுப் பாதையையும் முனைக்கு முனை அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஆள் வேண்டும். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2012-இல் வளாகக் கட்டமைப்புகளுக்கென்று ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட வளாகங்கள் அதனால் தனித் தடம் அமைத்தன. பிந்தைய சுற்றுகளில் கருவிக்கு மட்டுமில்லாமல் பொறியாளரின் சம்பளத்துக்கும் நிதி கேட்க வழி செய்தார்கள். ஆய்வாளரின் மொழியும் தெரிந்து, ரௌட்டரின் மொழியும் தெரிந்த ஒருவர். "மெதுவாக இருக்கிறது" என்பதைக் கேட்டதும் "எந்த ஊருக்கு, எந்த மென்பொருளில், எவ்வளவு நேரம்?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர்.

நம்மிடம் ஒன்றும் இல்லை என்று புலம்ப நான் வரவில்லை. மைரென் என்ற ஆய்வு, கல்விக் கட்டமைப்பு 2005 முதல் நம் பல்கலைக்கழகங்களை இணைத்து, வெளிநாட்டு ஆய்வுக் கட்டமைப்புகளோடும் தொடுக்கிறது. பக்கத்து நாடான சிங்கப்பூர் 2015-இல் தேசிய மீக்கணினி மையத்தை அமைத்தபோது, கணினியோடு நிற்காமல் அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் நேரடி அதிவேக இணைப்பையும் சேர்த்தே திட்டமிட்டது. கணினி ஓரிடம், தரவு வேறோரிடம் என்றால் இரண்டும் வீண் என்பதை அவர்கள் முதலிலேயே யோசித்தார்கள். நம்மிடம் நாட்டின் முதுகெலும்பான இழை இருக்கிறது. பெரும்பாலும் தடைபடுவது வளாகத்தின் வாசலுக்கும் ஆய்வுக்கூடத்தின் மேசைக்கும் இடையிலான கடைசிச் சில நூறு மீட்டரில். ஆய்வுத் தரவுக்கென ஒரு நல்ல கணினி, ஒரு அளவீட்டுக் கணினி, தனியாக ஓர் இழை, பொறுப்பேற்க ஒருவர். வளாகம் முழுவதையும் புதுப்பிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். சிறிய தொகை என்பதாலேயே இதற்குத் திறப்பு விழாவும் நடக்காது, ரிப்பன் வெட்டவும் யாரும் வர மாட்டார்கள்.

நான் கட்டமைப்புப் பொறியாளர் இல்லை. டிப்ளோமா முடித்து இடைநிலைப்பள்ளியில் அறிவியல் போதிப்பவள். எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எஸ்.பி.எம். முடித்து அறிவியல் துறைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் இனிச் சோதனைக் குழாயோடு மட்டும் வேலை செய்யப் போவதில்லை. ஒரு மனிதரின் முழு மரபணு வரிசையின் மூலத் தரவே சுமார் நூறு ஜிகாபைட். உயிரியலோ வானியலோ வானிலையோ, எந்தத் துறைக்குப் போனாலும் இதே சுமைதான். கோலாலம்பூருக்கு இரண்டு நாளில் தரவு போகும் ஆய்வுக்கூடமும் 13 நிமிடத்தில் போகும் ஆய்வுக்கூடமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. முதலாவதில் இருப்பவர் அனுப்பக்கூடிய அளவுக்குத்தான் சோதனையையே திட்டமிடுவார். ஒரு முறை தவறினால் மறுபடி அனுப்பிப் பார்க்கத் தயங்குவார். வெளிநாட்டுக் குழு "உங்கள் தரவை இந்த வாரம் அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் மழுப்புவார். அந்தக் குழு அடுத்த முறை கேட்காது.

எனவே அடுத்த முறை ஒரு பல்கலைக்கழகம் தன் கட்டமைப்பை மேம்படுத்தியதாகப் பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும்போது, அதில் இன்னோர் எண்ணையும் சேர்க்கட்டும். ஆய்வுக்கூடத்தின் மேசையிலிருந்து ஜெனீவாவுக்கோ சிங்கப்பூருக்கோ சென்ற மாதம் முழுவதும் உண்மையில் கிடைத்த சராசரி வேகம். பர்ஃப்சோனார் அதை வரைபடமாகவே தரும். அமெரிக்க வளாகங்கள் பல அதை யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களில் ஏதேனும் ஒன்று அப்படித் திறந்து வைத்தால், அடுத்த தவணையில் என் படிவம் நான்கு வகுப்புக்குத் தூரம், நேரம், வேகம் பாடத்துக்கு அந்த வரைபடத்தையே கொண்டுபோவேன்.